தராசுக்கு யார் முத்திரை குத்துவது?

1790 டிசம்பர் கடைசி வாரம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துத் துறைமுக ஊர் ஒன்றில் மெட்ராஸ்காரர் ஒருவர் நடமாடிக்கொண்டிருந்தார். ஒரு கப்பல் கேப்டனோடு வந்தவர். அதற்கு முன்னால் ஐரோப்பாவையும் பார்த்துவிட்டவர். உள்ளூர் பாதிரியார் வில்லியம் பென்ட்லி தினமும் டைரி எழுதுகிறவர். இந்தியாவிலிருந்து வந்த ஒரு மனிதரை முதல்முறையாகப் பார்த்த சந்தோஷத்தில் அன்றைக்கு விவரமாகவே எழுதினார். நல்ல கறுப்பு, நீளமான முடி, உயரம், கட்டான உடம்பு. அதற்கப்புறம் ஒரு விஷயம் சொன்னார் பாருங்கள். இவருடைய திறமைகளை எடைபோட எனக்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. ஆனால் முகத்தில் ஒரு பாவமும் தெரியவில்லை என்றார்.

முதல் பாதியோடு நிறுத்தியிருந்தால் பாதிரியார் விஞ்ஞானி. அந்த 'ஆனால்'தான் பிரச்னை. சோதிக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட கையோடு ரிசல்ட்டையும் போட்டுவிடுகிறார்.

இந்த 'ஆனால்' எத்தனை பேருடைய வேலையையும் படிப்பையும் கல்யாணத்தையும், சில சமயம் உயிரையும் பதம் பார்த்திருக்கிறது என்பதுதான் இந்த வாரம் நாம் பேசப்போவது.

அந்த ஊரின் பெயர் சேலம். மாம்பழம், இரும்பாலை, ஏற்காடு எல்லாம் ஞாபகம் வந்தால் தப்பில்லை, ஆனால் அது வேறு. இது பாஸ்டனிலிருந்து மின்ன மின்னப் புறப்படும் புறநகர் ரயிலில் அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிற சேலம். ஒரு காலத்தில் இந்த ஊர்க் கப்பல்கள் சுமத்ரா வரைக்கும் போய் மிளகு ஏற்றி வந்து பணத்தைக் குவித்தன. வளமான கிழக்கின் கடைக்கோடித் துறைமுகம் வரை என்ற பொருளில்தான் இன்றைக்கும் அந்த நகரத்தின் லத்தீன் வாசகம் இருக்கிறது.

2024 ஜூலையில் அங்கே நான்கு நாள் கருத்தரங்கு ஒன்று நடந்தது. தலைப்பு, உளவியல் சோதனைகள். வந்தவர்கள் தொழில்முறை சைக்காலஜிஸ்ட்டுகள். ஸ்கூலில் குழந்தைகளைச் சோதிப்பவர்கள், கோர்ட்டுக்கு அறிக்கை கொடுப்பவர்கள், கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பவர்கள். உறவினர் வீட்டுக்கு பாஸ்டன் போயிருந்த நான், பத்திரிகைக்காரன் என்று சொல்லி, சோதனைத் தாள்களைப் படம் எடுக்கமாட்டேன் என்று கையெழுத்தும் போட்டு, கடைசி வரிசையில் ஒரு நாற்காலி வாங்கினேன்.

முதலில் இந்தக் கோடைக் கருத்தரங்குகளின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பி.காம். படித்தவனுக்கு எந்த ஹாலுக்குள் நுழைந்தாலும் முதலில் வரவு செலவுதான் கண்ணில் படும். அமெரிக்காவில் சைக்காலஜிஸ்ட் லைசென்ஸைப் புதுப்பிக்க இத்தனை மணி நேரம் தொடர்கல்வி முடித்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான மாநிலங்களில் விதி உண்டு. அதை பிப்ரவரி பனியில், ஜன்னலே இல்லாத ஹாலில் முடிக்க யாருக்குப் பிடிக்கும்? ஜூலையில் கடலோரம். காலையில் வகுப்பு, மத்தியானம் படகுச் சவாரி, சாயங்காலம் குடும்பத்தோடு கடல் உணவு. படிப்புக்குப் படிப்பு, பிக்னிக்குக்கு பிக்னிக். இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நம் ஊரில் ஆடிட்டர் மாநாட்டை ஊட்டியில் வைத்தால் கூட்டம் சேருகிறதா இல்லையா?

என் ஆட்சேபணை வேறு. அதைச் சொல்வதற்கு முன்னால், நல்லதைச் சொல்லிவிட வேண்டும்.

முதல் நாள் பாடம் ரோர்ஷாக் சோதனை. இங்க் கொட்டிய காகிதத்தை நடுவில் மடித்து விரித்தால் வருமே, அந்த மாதிரி பத்து அட்டைகள். ஐந்து கறுப்பு, இரண்டில் கறுப்போடு சிவப்பு, மூன்று கலர். ஹெர்மன் ரோர்ஷாக் என்ற ஸ்விட்சர்லாந்து டாக்டர் 1921-இல் இதை வெளியிட்டார். அடுத்த வருஷமே, 37 வயதில், குடல்வால் கோளாறில் இறந்துபோனார். அவருடைய அட்டைகள் மட்டும் நூறு வருஷம் தாண்டி ஓடிக்கொண்டிருக்கின்றன.

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். டாக்டர் அட்டையைக் காட்டுவார், ஹீரோ 'வௌவால்' என்பார், டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு 'உங்களுக்குச் சின்ன வயசுல அம்மா மேல கோபம்' என்பார். நிஜத்தில் அப்படி இல்லை என்று பாடம் எடுத்த அம்மணி முதல் பத்து நிமிஷத்தில் தெளிவாகச் சொன்னார். வௌவால் என்று சொல்கிறவர்கள் ஏராளம். அது ரொம்பச் சாதாரணமான பதில். என்ன பார்த்தீர்கள் என்பதைவிட எப்படிப் பார்த்தீர்கள் என்பதுதான் கணக்கு. முழுப் படத்தையும் வைத்துச் சொன்னீர்களா, ஒரு மூலையை மட்டுமா? உருவத்தை வைத்தா, நிறத்தை வைத்தா? அசைவு தெரிந்ததா? நீங்கள் சொன்ன உருவம் மற்றவர்களுக்கும் அங்கே தெரியுமா, உங்களுக்கு மட்டும்தானா? ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. கூட்டி, கழித்து, விகிதம் போட்டு, அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். பார்த்தால் மந்திரம் மாதிரி இல்லை, லெட்ஜர் மாதிரி இருக்கிறது. எனக்குப் பிடித்துப்போனது.

அன்று மத்தியானம் அந்த அம்மணி இன்னொரு வேலை செய்தார். காலையிலேயே எல்லோரிடமும் ஒரு கேள்வித்தாளை நிரப்பி வாங்கியிருந்தார். இப்போது ஆளுக்கொரு கவர். உள்ளே அவரவர் குணநலன் அறிக்கை. 'எவ்வளவு சரியா இருக்கு? அஞ்சுக்கு மார்க் போடுங்க' என்றார். பார்வையாளனான எனக்குக் கவர் கிடையாது, அதனால் வேடிக்கை பார்த்தேன். நாலு, நாலரை, அஞ்சு என்று கைகள் தாராளமாக உயர்ந்தன. 'இப்ப பக்கத்துல இருக்கவங்களோட கவரை மாத்திப் படிங்க' என்றார். எல்லாக் கவரிலும் ஒரே அறிக்கை!

இது பழைய வித்தை. 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற பேராசிரியர் தன் 39 மாணவர்களிடம் செய்தது. அவர்கள் போட்ட சராசரி மார்க் ஐந்துக்கு 4.26. வாசகங்களை அவர் எடுத்தது கடையில் விற்ற ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து. நம் ஊர்க் கிளி ஜோசியருக்கு ஃபோரர் யாரென்று தெரியாது. ஆனால் 'வெளியில சிரிச்சாலும் உள்ளுக்குள்ள ஒரு கவலை அரிச்சிக்கிட்டே இருக்கு தம்பி' என்றால் பத்தில் ஒன்பது பேர் தலையாட்டுவார்கள் என்று கிளிக்கே தெரியும்.

அதாவது, 'என்னைப் பத்தி எழுதினது அப்படியே சரியா இருக்கு சார்' என்று நீங்கள் சொல்வது அந்தச் சோதனைக்கு நற்சான்றிதழ் ஆகாது. அது உங்களுக்கு மட்டும் பொருந்துகிறதா, எல்லோருக்கும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு பாடத்துக்காகவே கருத்தரங்குக்கு மார்க் போடலாம். ஐந்துக்கு... சரி, கடைசியில் போடுவோம்.

இரண்டாம் நாள்தான் எனக்குள் இருந்த ஆடிட்டர் விழித்துக்கொண்டார்.

சோதனையில் உங்கள் பையன் 62 வாங்கினான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நல்லதா கெட்டதா? தெரியாது. 'கிளாஸ் ஆவரேஜ் என்ன?' என்று கேட்பீர்கள். உளவியல் சோதனையில் அந்த கிளாஸ் ஆவரேஜுக்குப் பெயர் நார்ம். சாதாரண ஜனங்கள் ஆயிரம் பேரைச் சோதித்து அட்டவணை போட்டு வைத்திருப்பார்கள். நீங்கள் சரியா கோணலா என்பது அந்த அட்டவணைக்குப் பக்கத்தில் நிற்க வைத்துத்தான் முடிவாகிறது. அட்டவணையே கோணல் என்றால்?

ரோர்ஷாக் சோதனைக்கு 1974-இல் ஜான் எக்ஸ்னர் என்பவர் ஒரே சீரான முறையை வகுத்துக் கொடுத்தார். அதுவரை ஆளுக்கொரு விதமாக மார்க் போட்டுக்கொண்டிருந்தவர்களை ஒரு வரிசையில் நிறுத்திய பெரிய வேலை. பின்னால் அவர் வெளியிட்ட நார்ம் அட்டவணையில் சாதாரண ஜனங்கள் 700 பேர் இருந்தார்கள். அந்த 700-இல் 221 பதிவுகள் இரண்டாவது முறை ஏறிய டூப்ளிகேட்! 2001-இல் அவருடைய புத்தகத்திலேயே இது வெளியானது. கடைக்கணக்கில் ஒரே வவுச்சர் இரண்டு தடவை ஏறினால் ஜூனியர் ஆடிட் கிளார்க்கே சிவப்பு மையில் சுழிப்பான். இங்கே 221 வவுச்சர்கள். பல வருஷமாக அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு, கோர்ட்டில் குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பது வரைக்கும் அறிக்கை கொடுத்திருக்கிறார்கள்.

இதற்கிடையே, ஆரோக்கியமான ஆட்களையும் இந்தச் சோதனை நோயாளி மாதிரிக் காட்டுகிறது என்று கிளம்பினார்கள் சில சைக்காலஜிஸ்ட்டுகள். ஹோவர்ட் கார்ப் என்பவர் 1999-இல், இதை ஆஸ்பத்திரியிலும் கோர்ட்டிலும் உபயோகிப்பதை நிறுத்தி வையுங்கள் என்று பகிரங்கமாக எழுதினார். பெரிய சண்டை. கட்சி கட்டிக்கொண்டு பேப்பருக்கு மேல் பேப்பர்.

கதை அங்கே முடியவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 2013-இல் ஜோனி மிஹூரா தலைமையில் ஒரு குழு, ரோர்ஷாக்கின் ஒவ்வொரு அளவையும் தனித்தனியாக எடுத்து, அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துச் சலித்தது. சிந்தனை குழம்பியிருக்கிறதா, இருப்பதை இருப்பதாகப் பார்க்கிறாரா என்று காட்டும் அளவுகளுக்கு நல்ல ஆதாரம் கிடைத்தது. வேறு சிலவற்றுக்கு ஆதாரமே தேறவில்லை. 2015-இல் கார்ப்பும் அவருடைய தோழர்களும் என்ன செய்தார்கள் தெரியுமா? 'சரி, இந்த அளவுகளுக்கு மட்டும் எங்கள் தடையை விலக்கிக்கொள்கிறோம்' என்று எழுதினார்கள். பதினைந்து வருஷம் திட்டியவர்கள், கணக்கு டேலி ஆன பக்கத்துக்கு மட்டும் டிக் போட்டார்கள். டேலி ஆகாத பக்கத்துக்குப் போடவில்லை.

ஒரு தொழிலுக்கு இதைவிடப் பெருமை என்ன வேண்டும்? ஊரைக் கூட்டி, பேனர் கட்டி, இந்தக் கதையைத்தான் ஒரு முழு நாள் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஹாலில் இதற்குக் கிடைத்தது ஒரே ஒரு ஸ்லைடு, ஏழு நிமிஷம். குறியீடு போடும் பயிற்சிக்கு ஒன்றரை நாள். தராசை எப்படிப் பிடிப்பது என்று ஒன்றரை நாள். தராசு சரியா என்று பார்க்க ஏழு நிமிஷம்.

மூன்றாம் நாள் கோர்ட் விவகாரம். அங்கே ஒரு நம்பர் வந்தது. 71.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002-இல் ஒரு தீர்ப்பு சொன்னது. அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவருக்கு மரண தண்டனை கூடாது. நியாயமான தீர்ப்பு. யாருக்குக் குறைபாடு என்று தீர்மானிப்பதை மாநிலங்களிடம் விட்டார்கள். ஃப்ளோரிடா மாநிலம் ஒரு கோடு கிழித்தது. ஐ.க்யூ. 70 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் மற்ற ஆதாரங்களையே பார்ப்போம். ஃப்ரெடி லீ ஹால் என்ற கொலைக் கைதிக்கு வந்த மார்க் 71. கதவு சாத்தியாயிற்று.

ஆனால் ஐ.க்யூ. சோதனையைத் தயாரிப்பவர்களே சொல்கிறார்கள், இந்த மார்க் ஒரு புள்ளி இல்லை, ஒரு வீச்சு என்று. 71 என்றால் 66-லிருந்து 76-க்குள் எங்கேயோ என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மறுபடி எழுதினால் 69 வரலாம், 74 வரலாம். ஐந்து மார்க் முன்னே பின்னே ஆடும் முள்ளை வைத்துக்கொண்டு, ஒரு மார்க்கில் ஒருவனைத் தூக்கு மேடைக்கு அனுப்பலாமா? 2014-இல் உச்ச நீதிமன்றம் கூடாது என்றது. அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில். ஒரு நீதிபதி அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் முடிந்தது கதை. 2016-இல் ஃப்ளோரிடா நீதிமன்றம் ஹாலின் மரண தண்டனையை விலக்கியது. அவர் செய்த குற்றம் சின்னதல்ல, ஆயுள் முழுக்க ஜெயில்தான். கேள்வி அவர் நல்லவரா என்பதல்ல. முள் நேராக நின்றதா என்பது.

இந்த வழக்கைப் பேசும்போது ஹாலில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. நியாயம்தான். அந்த அமைதியைப் பார்த்ததும்தான் எனக்கு ஆச்சரியமே அதிகமாயிற்று. ஏனென்றால் இந்த வழக்கு ஃப்ளோரிடாவில் நடந்தது, இவர்கள் உட்கார்ந்து பேசுவது சேலத்தில். இந்த ஊர் உலகத்துக்குத் தெரிந்ததே சோதனைகளால்தான். நான்கு நாளில் ஒருவர்கூட அந்தப் பெயரை எடுக்கவில்லை.

1692-இன் கோடை. ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும் இதே ஊரில் சூனியக்காரர்கள் என்று சொல்லி 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். ஒரு கிழவரின் மேல் கல்லை அடுக்கிக் கொன்றார்கள். கூட்டம் வெறிபிடித்து அடித்ததல்ல. முறையான கோர்ட், படித்த நீதிபதிகள், சாட்சி, சோதனை எல்லாம் இருந்தது.

என்ன சோதனை? வலிப்பு வந்து கிடக்கும் பெண்ணைக் குற்றவாளி தொட வேண்டும். தொட்டதும் அடங்கினால் இவர் சூனியக்காரர். இன்னொன்று, பிரார்த்தனையைத் தடுமாறாமல் சொல்வது. சூனியக்காரரால் முடியாது என்று நம்பிக்கை. ஜார்ஜ் பரோஸ் என்ற பாதிரியார் தூக்கு மரத்தடியில் நின்று ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். கூட்டம் கலங்கிவிட்டது. விடுதலையா? இல்லை. சாத்தான் தேவதூதன் வேஷமும் போடுவான் என்று விளக்கம் சொல்லி, தூக்கில் போட்டார்கள். தடுமாறினாலும் குற்றவாளி, தடுமாறாவிட்டாலும் குற்றவாளி! 71 வயது ரெபெக்கா நர்ஸ் விஷயத்தில் ஜூரிகள் முதலில் குற்றமில்லை என்றே சொன்னார்கள். மறுபடி யோசிக்கச் சொன்னார் நீதிபதி. அந்தம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டார்கள், பதில் வரவில்லை. அவருக்குக் காது மந்தம். பேசாமல் நின்றதே போதும் என்று தண்டனை.

எல்லாவற்றுக்கும் மேலே பேய்ச் சாட்சி. 'இந்தம்மாவோட ஆவி ராத்திரி வந்து என்னைக் கிள்ளிச்சு' என்று ஒருவர் சொன்னால் ஆதாரம். கிள்ளியது அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அந்த வருஷக் கடைசியில் ஆளுநர் அந்தக் கோர்ட்டைக் கலைத்தார். 1693 ஜனவரியில் புதுக் கோர்ட் உட்கார்ந்தது. பேய்ச் சாட்சி செல்லாது என்ற விதியோடு. பழைய கோர்ட்டில் விசாரணைக்கு நின்றவர்கள் யாரும் தப்பவில்லை. புதுக் கோர்ட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் மூன்றே பேருக்குத்தான் தண்டனை, அவர்களும் பிழைத்துக்கொண்டார்கள். அதே ஊர், அதே ஜனங்கள், அதே குற்றச்சாட்டு. மாறியது தராசு ஒன்றுதான்.

அந்த மூன்று பேரில் ஒருவர் எலிசபெத் ஜான்சன். 22 வயது. தான் சூனியக்காரி என்று ஒப்புக்கொண்டவர். தன் பேத்திக்கு அறிவு அவ்வளவுதான், ரொம்ப சாதுவான மனசு என்று அவருடைய தாத்தா எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்றைக்கு அந்தப் பெண் கோர்ட்டுக்கு வந்தால், அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவரைத்தான் கூப்பிட்டிருப்பார்கள், இந்தப் பெண்ணைச் சோதித்து அறிக்கை கொடுங்கள் என்று. எலிசபெத் தூக்கிலிருந்து தப்பினார், ஆனால் குற்றவாளிப் பட்டம் போகவில்லை. 1711-இல் பலரை விடுவித்து மொத்தம் 578 பவுண்டு 12 ஷில்லிங் நஷ்டஈடு கொடுத்த பட்டியலில் அவர் பெயர் விட்டுப்போயிற்று. அவரே மனு போட்டும் நடக்கவில்லை. 2022-இல்தான் மாசசூசெட்ஸ் அரசு அவரை நிரபராதி என்றது. அதற்காக வருஷக்கணக்கில் மன்றாடியது யார் என்று நினைக்கிறீர்கள்? வக்கீல்கள் இல்லை, சைக்காலஜிஸ்ட்டுகள் இல்லை. நார்த் ஆண்டோவர் ஊரின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் அவர்களுடைய டீச்சரும். 330 வருஷக் கணக்கை ஸ்கூல் பிள்ளைகள் நேர் செய்தார்கள்.

அறிவுவளர்ச்சிக் குறைபாட்டைக் கோர்ட்டில் எப்படி நிரூபிப்பது என்று ஒரு நாள் முழுக்கப் பாடம் நடந்தது. தூக்கிலிடப்பட்டவர்களின் பெயர் பொறித்த கல் பெஞ்சுகள் அதே ஊரில் இருக்கின்றன. சாப்பாட்டு இடைவேளையில் போய்விட்டு வரலாம். பாடம் அங்கே போகவில்லை. இதுதான் என் முதல் புகார். இடத்தைப் படகுச் சவாரிக்காகத் தேர்ந்தெடுத்தார்கள், பாடத்துக்காக இல்லை.

இன்னொரு கட்டடமும் உண்டு. கடற்கரையிலேயே 1819-இல் கட்டிய சுங்க அலுவலகம். நேதனியல் ஹாத்தோர்ன் என்ற பெரிய நாவலாசிரியர் 1846 முதல் 1849 வரை இங்கே உத்தியோகம் பார்த்தார். எடை போடுகிறவர்களையும் அளக்கிறவர்களையும் மேற்பார்வை பார்ப்பது அவருடைய ஆபீஸ் வேலை. பின்பக்கம் ஒரு கொட்டகையில் அந்தக் காலத்துத் தராசுகளும் அளவைக் கருவிகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் வருமான வரி வருவதற்கு முன்னால் சர்க்காருக்குச் சோறு போட்டது சுங்கம்தான். மிளகு மூட்டையின் எடையில் தப்பு நடந்தால் கஜானாவில் துண்டு விழும். அதனால் எடை போடுகிறவருக்கு மேலே ஒருவர், அவருக்கு மேலே ஒருவர். இந்த ஹாத்தோர்னின் எள்ளுத்தாத்தாதான் 1692-இல் சூனியக்காரர்களை விசாரித்த ஜான் ஹாத்தோர்ன். மனிதர்களை எடைபோட்ட தாத்தாவுக்கு மேலே யாரும் இல்லை. மிளகை எடைபோட்ட இடத்தில் பேரனையே மேற்பார்வைக்கு வைத்தார்கள்.

என் இரண்டாவது புகாரும் இதுதான். மேடையில் பேசியவர்கள் எல்லோரும் சோதிக்கிறவர்கள். சோதனை விற்கும் கம்பெனிகளின் ஸ்டால் ஹாலுக்கு வெளியே இருந்தது. சோதிக்கப்பட்டவர் ஒருவர்கூட மேடையில் இல்லை. தப்பான அறிக்கையால் பிள்ளையைப் பிரிந்த ஒரு அம்மா, மார்க் குறைந்து ஸ்பெஷல் கிளாஸில் உட்கார்ந்து பின்னால் இன்ஜினீயர் ஆன ஒருவர், இப்படி யாராவது ஒரு மணி நேரம் பேசியிருந்தால், நாலு நாள் பாடமும் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

'அதெல்லாம் அமெரிக்கா சார், நமக்கென்ன?' என்கிறீர்களா?

நமக்கும் உண்டு. அடிப்படை ஆண்டு என்று காமர்ஸ் பாடத்தில் படித்திருப்பீர்கள். இன்றைய விலைவாசியை 1969-இன் மளிகைப் பட்டியலை வைத்து அளந்தால் சிரிப்பார்கள். அளவுகோலை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். மனிதர்களை அளப்பதில் இந்த அவசரம் இல்லை. எம்.எம்.பி.ஐ. என்ற பிரபல ஆளுமைச் சோதனை 1943-இல் வந்தது. மின்னசோட்டா பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளைப் பார்க்க வந்த ஜனங்கள்தான் அதன் நார்ம். 1989-இல் புதுப்பிக்கும் வரை அமெரிக்கா முழுவதையும் அந்த விசிட்டர்களோடுதான் ஒப்பிட்டார்கள். நம் நாட்டில் குழந்தைகளின் அறிவுத்திறனைச் சோதிக்க மிசிக் என்று ஒன்று உண்டு. அமெரிக்க வெக்ஸ்லர் சோதனையைத் தழுவி 1969-இல் நாக்பூரில் டாக்டர் மாலின் உருவாக்கியது. நல்ல எண்ணத்தோடு, கஷ்டப்பட்டுச் செய்த வேலை. கற்றல் குறைபாட்டுச் சான்றிதழுக்காக மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் அதன் பெயர் இருந்தது.

இதில் என்ன ஆபத்து? ஜேம்ஸ் ஃப்ளின் என்ற நியூஸிலாந்துப் பேராசிரியர் 1984-இல் காட்டினார். தலைமுறைக்குத் தலைமுறை ஜனங்கள் இந்தச் சோதனைகளில் அதிக மார்க் வாங்கிக்கொண்டே போகிறார்கள், பத்து வருஷத்துக்குச் சுமார் மூன்று மார்க். அப்படியானால் பழைய நார்மை வைத்து இன்றைய குழந்தையைச் சோதித்தால் மார்க் கூடுதலாகத்தான் வரும். அப்பா அம்மாவுக்கு சந்தோஷம். ஆனால் நிஜமாகவே உதவி தேவைப்படும் குழந்தை, 'உனக்கு ஒண்ணும் இல்லை, ஒழுங்கா படி' என்று திருப்பி அனுப்பப்படும். பரீட்சையில் கூடுதல் நேரம், மொழிப்பாடச் சலுகை எல்லாம் இந்த அறிக்கையை நம்பித்தானே இருக்கிறது? எண் கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு.

இதோடு, ஆபீஸ்களில் எம்.பி.டி.ஐ. நீங்கள் இந்த நாலெழுத்து, அவர் அந்த நாலெழுத்து என்று பதினாறு ஜாதி பிரிப்பார்கள். கார்ல் யுங் 1921-இல் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு ஒரு அம்மாவும் மகளும் உண்டாக்கியது. இருவருமே சைக்காலஜி படித்தவர்கள் இல்லை. வேலைக்கு ஆள் எடுக்க இதை உபயோகிக்காதீர்கள் என்று அதை விற்கும் கம்பெனியே சொல்கிறது. அப்புறம், விரல் ரேகையை ஸ்கேன் செய்து உங்கள் மூன்று வயதுக் குழந்தை டாக்டரா இன்ஜினீயரா என்று கலர் கலராக ரிப்போர்ட் கொடுக்கும் கடைகள். விரல் ரேகைக்கும் அறிவுத்திறனுக்கும் இப்படிச் சம்பந்தம் போட விஞ்ஞான ஆதாரம் கிடையாது. அந்த ரிப்போர்ட் ஏன் உங்களுக்கு அவ்வளவு சரியாகப் பொருந்துகிறது என்று இப்போது தெரியும்தானே? கவரை மாற்றிப் படியுங்கள்.

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சோதனை இல்லாத இடத்தில் பாதிரியார் பென்ட்லியின் 'ஆனால்'தான் ராஜா. முகத்தைப் பார்த்து, நிறத்தைப் பார்த்து, ஊரைக் கேட்டு முடிவெடுப்பார்கள். அதைவிட ஒழுங்கான சோதனை ஆயிரம் மடங்கு மேல். ஒழுங்கானது எது என்பதற்கு எனக்கு ஒரே அடையாளம்தான் தெரிகிறது. தான் தப்பு என்று தெரிந்துகொள்ள அதற்குள்ளேயே ஒரு வழி இருக்க வேண்டும். பிரார்த்தனையைச் சரியாகச் சொன்னவரையும் தூக்கில் போடும் சோதனையில் அந்த வழி கிடையாது. தடை போட்டவர்களே பதினைந்து வருஷம் கழித்து மறுபடி கணக்குப் பார்க்கும் சோதனையில் இருக்கிறது.

எனவே, நாளைக்கு உங்களையோ உங்கள் குழந்தையையோ யாராவது சோதித்து ஒரு எண்ணையோ நாலெழுத்தையோ கையில் கொடுத்தால், பயப்படாமல், மரியாதையாகவே, நாலு கேள்வி கேளுங்கள். 'இந்த நார்ம் எந்த வருஷம், எந்த ஊர் ஜனங்களை வச்சுப் போட்டது? இந்த எண் எவ்வளவு முன்னே பின்னே ஆடும்? இந்தச் சோதனை எந்தக் காரியத்துக்காக உருவானது, நீங்க எதுக்கு உபயோகிக்கிறீங்க? முடிவு தப்புன்னு நான் நினைச்சா யார்கிட்ட போகணும்?'

நல்ல சைக்காலஜிஸ்ட் சந்தோஷமாகப் பதில் சொல்வார். 'இதுக்கு எங்கிட்ட பதில் இல்லை' என்று ஒன்றிரண்டுக்குச் சொன்னால் இன்னும் நம்பலாம். கோபப்பட்டால் கவரை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கருத்தரங்குக்கு மார்க் போடுகிறேன் என்றேன் அல்லவா? ஐந்துக்கு மூன்று. முன்னே பின்னே ஒன்று.